கண்டக்டர் கைக்கு அடங்காத ரிமோட்

நாகல் நகர்,
திண்டுக்கல்.
வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை மணிமாறன் அவர்களுக்கு,

மாமனார் மொக்கைச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தை சண்முகவள்ளியும் சௌக்கியம். கோயம்புத்தூரில் தாங்களும் மகள் புவனேஸ்வரியும் பேத்தி கீர்த்தனாவும் சௌக்கியமாக இருக்கப் பழனியாண்டவரைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மருமகனிடம் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. என் தகப்பனார், அவருடைய மருமகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த செருப்பு இரண்டுமே இடது காலுக்கானது என்று தெரிந்தும், வாய் திறக்காமல் இரண்டு வருடம் போட்டு நடந்தார். ஆகவே கீழே வருவதைத் தாங்கள் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தகவல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நான் போனைக் கையில் எடுத்தாலே உங்கள் அத்தை எங்கிருந்தாலும் வந்துவிடுகிறாள். "ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கணும்ல" என்கிறாள். ஸ்பீக்கரில் போட்டால் பிறகு நான் பேச இடமில்லை. இது ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகப் பேச வேண்டிய விஷயம், அதனால்தான் கீர்த்தனா விட்டுப்போன கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன்.

விஷயம் அந்த ரிமோட் பற்றியது. தாங்கள் போன மாதம் வந்திருந்தபோது, நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு மிக்கேல்ராஜ் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலை மிதக்கவிட்ட கதை நடந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "ஒரு மாசம் பாக்கலாங்க மாமா. ரெண்டு பேரும் தனியா சமாளிச்சா இங்கயே இருங்க. முடியலைன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துருங்க" என்றீர்கள். அக்கறையில் சொன்னது, நான் தப்பாக நினைக்கவில்லை. அந்த ஒரு மாதம் வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்பதைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

எங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்றுதான் அந்த ரிமோட்டையும் வாங்கி வந்தீர்கள். டிவிக்கு ஒன்று, டிஷ் பெட்டிக்கு ஒன்று, சவுண்ட் பாக்ஸுக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று நாலு ரிமோட்டையும் பிளாஸ்டிக் உறை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைப் பார்த்தவர் நீங்கள். நாலுக்கும் சேர்த்து ஒன்று என்று அந்தக் கருப்பு ரிமோட்டை என் கையில் கொடுத்தபோது, மாப்பிள்ளை, மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு மறுபடி வேலை கிடைத்தது போல இருந்தது. திண்டுக்கல்–நிலக்கோட்டை பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். மல்லிகைப் பூ மூட்டையை ஏற்றுவதா வேண்டாமா என்பதை என் ஒரு தலையசைப்பு முடிவு செய்யும். ரிட்டையர் ஆன நாளிலிருந்து என் சொல் கேட்டு நடக்கிற பொருள் இந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. உங்கள் ரிமோட்டை அமுக்கினேன், படம் வந்தது, சத்தம் வந்தது, அடுத்த அறையில் ஏசியும் வந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கையோடு பழைய ரிமோட் நாலையும் உங்கள் அத்தையிடம் கொடுத்து, "பழைய இரும்புக்காரர் வந்தா தூக்கிப் போட்டுரு" என்றேன். "சரிங்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவள் எதிர்க்கேள்வி கேட்காமல் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் உங்கள் ரிமோட்டின் மகிமை என்றே எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்பினீர்கள். மறுநாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை என்றால் உங்கள் அத்தை மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ், என் மொபெட் என்று ஒன்றையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்த ரிமோட்டை மட்டும் விடலாமா? அதற்கு நெற்றி எது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னாடி கருப்பா மினுமினுன்னு இருக்குல்ல, அதான் நெத்தி" என்று நானே காட்டிக் கொடுத்தேன். நன்றாகக் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம், பார்க்க லட்சணமாக இருந்தது.

அன்று சாயங்காலம் செய்தி கேட்கலாம் என்று உட்கார்ந்து அமுக்கினேன், வரவில்லை. பேட்டரியாக இருக்கும் என்று கழற்றி உள்ளங்கையில் உருட்டினேன், வரவில்லை. மறுநாள் மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் அரைநாள் வெயிலில் காயவைத்தேன், வரவில்லை. புதுப் பேட்டரியே வாங்கிப் போட்டேன், அப்போதும் வரவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய் அதன் மூக்கோடு மூக்கு வைத்து அமுக்கினேன், எனக்கும் டிவிக்கும் நடுவில் சந்தனம்தான் ஒட்டியது. பொட்டு கொஞ்சம் உதிர்ந்துவிட்டதே, புதுப் பொருள் நெற்றி வெறுமையாக இருந்தால்தான் இப்படி மக்கர் பண்ணுகிறதோ என்று நினைத்து, உங்கள் அத்தையிடம் சொல்லி இன்னும் கொஞ்சம் கெட்டியாக வைக்கச் சொன்னேன். அவள் என் கையிலிருந்து வாங்கி, "ஒரே பிசுக்கா இருக்கு" என்று முந்தானையால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு ஒரு அமுக்கு அமுக்கினாள் பாருங்கள், படம் பளிச்சென்று வந்துவிட்டது. வந்தது அவளுடைய எட்டு மணி சீரியல். அது முடிகிறவரை பார்த்துவிட்டு, நான் சொன்னபடியே கெட்டியாகப் பொட்டு வைத்து, இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நான் அமுக்கினேன், வரவில்லை.

இப்படியே ஒரு வாரம் போயிற்று. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த பொருள், கோபப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியவில்லை. பீரோவில் வைத்திருந்த என் பழைய விசிலை எடுத்து டிவியைப் பார்த்து ரெண்டு விசில் கொடுத்தேன். டிவி வந்துவிட்டது! வாசலில் தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்த மிக்கேல்ராஜ் சாவியைத் திருகிவிட்டார். அவர் எங்கள் வண்டி டிரைவர், இருபத்திரண்டு வருடம் என் விசிலுக்கு ஓட்டியவர், பழக்கதோஷம். எனக்கே நம்பிக்கை வரவில்லை, ஒரு விசில் கொடுத்துப் பார்த்தேன், டிவி அணைந்தது. மறுபடி ரெண்டு விசில், வந்தது. உங்கள் அத்தை பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து மடியில் முந்தானையைப் போட்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏங்க, இது விசில்ல ஓடுற மாடல் போலருக்கு. மாப்ள சொல்ல மறந்துட்டாரோ என்னமோ" என்றாள். அவளுக்கு இருமல் வந்துவிட்டது, முகத்தை மூடிக்கொண்டு செத்த நேரம் இருமினாள்.

இரண்டு நாள் ராஜாவாக இருந்தேன். மூன்றாம் நாள் மிக்கேல்ராஜைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இப்ப பாருங்கப்பு" என்று ரெண்டு விசில் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. நாலு கொடுத்தேன். தெரு நாய்கள் வந்தன, எதிர்த்த வரிசையில் ஜெய்தூன் பீவி ஜன்னலைத் திறந்து, "பஸ்ஸு ஏதும் உள்ள வந்திருச்சா?" என்று கேட்டார்கள், டிவி மட்டும் வரவில்லை. உங்கள் அத்தை அந்த நேரம் பார்த்து அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மிக்கேல்ராஜ் சிரித்த சிரிப்பை நான் எழுத மாட்டேன். "ரிமோட்டக் குடும்யா, நான் பாக்குறேன்" என்றார். உங்கள் அத்தை தோசைக் கரண்டியோடு வந்து, "வந்தவங்க கையில பிசுக்கோட குடுக்கக் கூடாதுல்ல" என்று ரிமோட்டைத் துடைத்துக் கொடுத்தாள். அவர் அமுக்கினார், வந்தது. சேனல் மாற்றினார், மாறியது. ஏசியைக்கூடப் போட்டுவிட்டு, குளிருகிறது என்று அணைத்தார். அவர் கண் பட்டுவிடும் என்று உங்கள் அத்தை உடனே ரிமோட்டை வாங்கிப் போய்த் திருஷ்டிக்கு ஒரு பொட்டு வைத்துக் கொண்டுவந்தாள். அவர் போனதும் நான் அமுக்கினேன், பழைய கதைதான்.

சரி, தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று டிவி ரிப்பேர் கடை அக்மலை வரவழைத்தேன். உங்கள் அத்தை காபியோடு ரிமோட்டையும் துடைத்துக் கொடுத்தாள். அவர் தன் போன் கேமராவுக்கு முன்னால் ரிமோட்டை நீட்டி அமுக்கினார். போன் திரையில் ரிமோட் நுனியில் ஒரு ஊதா வெளிச்சம் மினுக் மினுக் என்று அடித்தது. "பாத்தீகளா மாமா, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் இது. இம்புட்டு பவரா அடிக்குது. ரிமோட்டுல ஒரு கொறையும் இல்ல" என்றார். துடைத்த ரிமோட்டுக்கு மறுபடி பொட்டு வைக்க உங்கள் அத்தை அதை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். "அப்ப ஏம்ப்பா எனக்கு மட்டும் வரமாட்டேங்குது?" என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "வயசாகையில வெரல்ல அழுத்தம் கொறையும் மாமா. எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு" என்றார். அவருடைய வாப்பாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளை, இதுவரை எழுதியதைப் படித்துச் சிரித்திருப்பீர்கள், சிரியுங்கள். இனி எழுதுவது வேறு. ஒரு நாளைக்கு ஆயிரம் டிக்கெட் கிழித்த கட்டைவிரல் இது. கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிக்கெட் கிழித்துச் சில்லறையும் கொடுத்த கை. அது ஒரு ரப்பர் பட்டனை அமுக்க லாயக்கில்லை என்று ஆகிவிட்டது. எல்லோர் கையிலும் வேலை செய்கிற பொருள் என் கையில் மட்டும் செய்யவில்லை என்றால் பழுது பொருளிலா இருக்கிறது? யாருக்கும் தெரியாமல் காலையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பலம் பார்க்கிறேன். முதல் நாள் இரண்டு, மறுநாள் மூன்று, இன்று நாலு. சாறு வரத்தான் செய்கிறது, ஆனால் முன்பு போல வருகிறதா என்று யாரைக் கேட்பது? பிழிந்ததை வீணாக்க வேண்டாம் என்று கிண்ணத்தில் வைத்துவிடுகிறேன், மூன்று நாளாக வீட்டில் எலுமிச்சம்பழச் சாதம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றைக்கு ரிமோட், நாளைக்குச் சட்டைப் பொத்தான், அதற்கு அடுத்து என்ன? மோட்டாரை மறந்தது மூளை, ரிமோட்டை அமுக்க முடியாதது கை. உங்கள் அத்தைக்கு ஒன்று என்றால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய கை இது. அவளுக்கு நானும் ஒரு பாரமாகிப்போவேனோ என்று நினைக்கையில் எதுவும் பிடிக்கவில்லை.

ஆகவே தாங்கள் சொன்னதே சரி என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள், வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிடுகிறோம். உங்கள் அத்தையிடம் காரணம் சொல்ல வேண்டாம். பேத்தி பாட்டியைக் கேட்டு அழுகிறாள் என்று சொல்லுங்கள், உடனே கிளம்பிவிடுவாள். அங்கே டிவி ரிமோட் உங்கள் கையிலேயே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. எட்டு மணிக்கு மட்டும் அவளுக்கு அந்தச் சீரியலை வைத்துவிடுங்கள், அவ்வளவுதான். அதைப் பார்க்காவிட்டால் மறுநாள் முழுக்க ஒரு மாதிரியாக இருப்பாள்.

தங்களுக்கும் புவனேஸ்வரிக்கும் கீர்த்தனாவுக்கும் எந்தக் குறையும் வராமல், போகிற வழியெல்லாம் பச்சை விளக்காக இருக்க என் ஆசிகள். நெய்க்காரப்பட்டியில் இருக்கும் தங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மொக்கைச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை இல்லை. உங்கள் அத்தையிடம் கொஞ்சம் சோற்றுப் பருக்கை கேட்டேன், "அங்க வைங்க, நானே ஒட்டிப் பெட்டியில போட்டுறேன்" என்றாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, பயமில்லை.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை சண்முகவள்ளி எழுதுவது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வண்டி ஏற்பாடு செய்துவிடாதீர்கள். ரிமோட்டும் நன்றாக இருக்கிறது, உங்கள் மாமா கையும் நன்றாக இருக்கிறது. கெட்டது என் புத்திதான்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை நான் விவரம் தெரியாமல்தான் பொட்டு வைத்தேன். பிசுக்கு என்று துடைத்ததும் படம் வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, சந்தனம் அதன் கண்ணை மறைத்திருந்தது என்று. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ரிட்டையர் ஆன நாள் முதல் எட்டு மணி ஆனால் போதும், என் சீரியலில் யாராவது அழ ஆரம்பிக்கும் நேரம் பார்த்துச் செய்திக்கு மாற்றிவிடுவார். யார் எதற்கு அழுதார்கள் என்று ஜெய்தூன் பீவியிடம் கேட்டுத்தான் நான் இத்தனை வருடம் கதை தெரிந்துகொண்டேன். கெட்டியாகப் பொட்டு வை என்று அவரே சொன்னார். புருஷன் பேச்சைத் தட்டக் கூடாது என்று நான் தட்டவில்லை. பழைய ரிமோட் நாலும் இரும்புக்காரருக்குப் போகவில்லை, உளுந்து டப்பாவுக்குள் இருக்கின்றன. விசிலுக்கு டிவி ஓடிய இரண்டு நாளும் டிவி ரிமோட் என் மடியில் அவரைக்காய்க்கு அடியில் இருந்தது. அவர் ஊதி, டிவி வந்து, அவர் நெஞ்சை நிமிர்த்தியதைப் பார்க்க அம்புட்டு ஆசையாக இருந்தது, மாப்பிள்ளை. தோசை ஊற்றாமல் இருந்திருந்தால் மிக்கேல்ராஜ் அண்ணன் முன்னாடியும் ஓட்டிக் கொடுத்திருப்பேன்.

ஆனால் அவர் தன் கையைச் சந்தேகப்பட்டார் என்று எனக்குத் தெரியாது. அக்மல் தம்பி அப்படிச் சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். எலுமிச்சம்பழம் எதற்காகப் பிழிந்து வைக்கிறார் என்று தெரியாமல், எனக்கு ஒத்தாசை செய்கிறார் என்று நினைத்து, நானும் மூன்று நாளாகச் சாதம் கிளறினேன். கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

இப்போதுதான் ரிமோட்டை நன்றாகத் துடைத்து, "பேட்டரிய மாத்திப் போட்டுருக்கேன், அமுக்கிப் பாருங்க" என்று அவர் கையில் கொடுத்தேன். அமுக்கினார், வந்தது. அணைத்தார், அணைந்தது. போட்டார், அணைத்தார், போட்டார். பதினேழு தடவை எண்ணினேன், அப்புறம் எனக்கு எண்ண முடியவில்லை. கட்டைவிரலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்து ரெண்டு விசில் கொடுத்தார். மிக்கேல்ராஜ் அண்ணன் "ரைட்" என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தார். கோயம்புத்தூர் போக வேண்டாம் என்று அவரே உங்களுக்கு இன்னொரு கடிதம் எழுதப் போகிறார். அது வந்து சேரும்போது ஒன்றும் தெரியாதவர் போல இருந்துகொள்ளுங்கள். பொட்டு விஷயத்தை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளையிலிருந்து பொட்டை ரிமோட்டின் முதுகில்தான் வைப்பேன், சத்தியம். எட்டு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் மட்டும் நெற்றியில் வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு வாருங்கள், ஆனால் வண்டி வேண்டாம். அதற்குப் பதிலாகச் சின்னப் பேட்டரி இரண்டு வாங்கி வாருங்கள். உளுந்து டப்பாவில் இருக்கிற ரிமோட்டுக்குப் பவர் குறைந்துவிட்டது.